தரை குடித்த ஆறாயிரம் லீற்றர்

கருநாவல்மோட்டையில் ஈரம் இருக்கிறது என்று நானூறு மைல் உயரத்தில் நின்று ஒரு இயந்திரம் சொன்ன அன்று, அழகமுத்து தன் கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தார். டொக் என்றது. இன்னொரு கல்லையும் போட்டார். அதுவும் டொக் என்றது. இரண்டு கல்லும் சேர்ந்து பொய் சொல்லும் என்று அவருக்குப் படவில்லை. ஆனால் இயந்திரம் வெளிநாட்டுக்காரன் விட்டது, கல் இந்த ஊர்க் கல். கல்லை நம்பின அரசாங்கக் கந்தோரை அழகமுத்து தன் ஐம்பத்தாறு வயதில் கண்டதில்லை.

அழகமுத்து கிணறு வெட்டுகிறவர். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் அடிபட்டு ஓடிவந்த தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது வயதில் வன்னிக்கு வந்தவர். பதினாறில் அலவாங்கு பிடித்தார். விசுவமடுவில் இருந்து வட்டக்கச்சி வரைக்கும் எண்பதுக்கு மேற்பட்ட கிணறுகளுக்குள் இறங்கி ஏறின முதுகு அவருடையது. மண்ணை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்த்து, எத்தனை அடியில் ஊற்று வரும் என்று சொல்லுவார். பிழைத்தது இரண்டே தரம். அதில் ஒன்று, வீட்டுக்காரன் பாதியில் நிற்பாட்டினது.

இப்படிப்பட்ட ஆளிடம் ஆணையகம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேலைக்கு எடுத்தது.

ஆணையகம் என்றது, வன்னிப் பெருநிலத் தரைக்கீழ் நீர் மீள்நிரம்பல் விண்வழி அவதானிப்பு ஒருங்கிணைப்பு ஆணையகம். கிளிநொச்சியில் ஒரு சந்தி மூலையில் கண்ணாடி போட்டுக் கட்டியிருந்தார்கள். பெயர்ப்பலகை முன்மதிலில் அடங்காமல் மூலையால் வளைந்து ஒழுங்கைப் பக்கத்துக்கும் போனது. றோட்டால் வந்தவர்கள் 'தரைக்கீழ் நீர்' என்கிற பாதியைப் பார்த்துக் கிணறு திருத்த உதவி கேட்டு உள்ளே போனார்கள். ஒழுங்கையால் வந்தவர்கள் 'விண்வழி' என்கிற பாதியைப் பார்த்து, வெளிநாடு போக இங்கேயா பதிவது என்று கேட்டார்கள். இரண்டு பகுதியையும் காவலாளி ஒரே பதில் சொல்லித் திருப்பி அனுப்பினான். வாசலில் சீமெந்துக் கொக்கு மூன்று, வாயால் தண்ணீர் கக்கிக்கொண்டு நின்றன.

வேலைக்கு எடுத்தவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அடியில் சேர்கிறது, அதற்குப் பெயர் மீள்நிரம்பல் என்பதை முதல் நாள் படம் போட்டுக் காட்டினார்கள். இரண்டாம் நாள், நேற்றுக் காட்டின படத்தை எல்லாரும் விளங்கிக்கொண்டார்களா என்று ஒரு படிவத்தில் எழுதி வாங்கினார்கள். மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். மண் ஈரத்தை மேலே இருந்து சற்றலைற் பார்க்கும். அது பார்த்தது சரியா என்று கீழே இருந்து ஒரு ஆள் குத்திப் பார்க்க வேண்டும். அந்த ஆளின் உத்தியோகத்துக்குத் 'தரை உண்மை உறுதிப்படுத்தல் உதவியாளர், தற்காலிகம்' என்று பெயர்.

"தரையின்ர உண்மையும் தற்காலிகமோ?" என்று கேட்டார் புனிதம்.

புனிதம் ஊர் மாதர் சங்கத் தலைவி. முள்ளிவாய்க்கால் கரையில் பிறந்து, மகளுக்கு வீட்டுத்திட்டம் கிடைத்த இடம் என்று உள்ளுக்கு வந்து குடியிருக்கிறவர். காலையில் ஸ்கூட்டியில் மீன் விற்பார். கடல் இரைச்சலை மீறிக் கதைத்துப் பழகின தொண்டை. அவருக்குக் காதோடு கதைக்க வராது.

குத்துகிற சாமானுக்கு ஊர் முள்ளுக்கரண்டி என்று பெயர் வைத்தது. பிடியும், பிடிக்குக் கீழே சைக்கிள் கம்பி மொத்தத்தில் மூன்று முள்ளும். முள் முழுக்க மண்ணுக்குள் இறங்கினால் பிடியில் ஒரு இலக்கம் விழும். வரட்சி என்றால் நாலு, ஐந்து. நல்ல ஈரம் என்றால் நாற்பது. அதோடு பன்னிரண்டு பக்கத்தில் விதிமுறைப் புத்தகம் ஒன்றும் தந்தார்கள். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்த அழகமுத்து ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து நாலு நாளாக அதை வாசித்தார். ஆணையகத்தில் அதை முழுக்க வாசித்த ஒரே ஆள் அவர்தான். ஏழாம் பக்கத்தில், கோல் முழுமையாக உட்செலுத்தப்பட வேண்டும் என்றிருந்தது. எட்டாம் பக்கத்தில், கோல் சேதமடைந்தால் உதவியாளரே பொறுப்பு என்றிருந்தது.

ஆவணி மாதம். கச்சான் காற்று இரண்டு மாதமாக மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. நாற்பத்துமூன்று குடும்பத்துக் கிணறுகளும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. செவ்வாயும் வெள்ளியும் கோயிலுக்குப் போகிற நாள் என்பதை ஊர் மறந்து, தண்ணீர்ப் பவுசர் வருகிற நாள் என்று மட்டும் வைத்திருந்தது. பவுசர் வந்தால் வீட்டுக்கு ஒரு பரல் தண்ணீர். குடிக்க, சமைக்க, முகம் கழுவ, கழுவின தண்ணீரைக் கொய்யாக் கன்றுக்கு ஊற்ற. அந்தப் பவுசர்தான் ஊரின் உயிர்.

அழகமுத்து வெளிக்கள உத்தியோகத்தர் சுதாஜினிக்குப் போன் எடுத்தார்.

"மிஸ், நிலம் காய்ஞ்சு கல்லாக் கிடக்கு. முள்ளு இறங்காது."

"எப்பிடியாவது இறக்குங்கோ அண்ணை."

"முறிஞ்சு போகும்."

"முறிச்சுப் போடாதேங்கோ. பிறகு விசாரணை, அது இது எண்டு வரும்."

"அப்ப குத்தாமல் விடட்டோ?"

"விடவும் ஏலாது அண்ணை. ஒவ்வொரு நாளும் காலமை ஆறு மணிக்குச் சற்றலைற் மேலால போகேக்க நீங்கள் கீழ குத்தவேணும். அதுதான் புரொஜெக்ற்."

குத்தவும் வேண்டும், முறிக்கவும் கூடாது. அழகமுத்துவுக்கு இது புதுக் கரைச்சல் இல்லை. காய்ந்த நிலத்தில் கிணறு தொடங்குகிற எவனும் முதல்நாள் பின்னேரம் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். விடிய அலவாங்கு ஒரு சாண் கூட இறங்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சோற்றில் கை வைக்க முதல் கையைக் கழுவுகிற மாதிரி அது. அழகமுத்துவும் தன் பரலில் இருந்து அரை வாளி தண்ணீரை முள் குத்துகிற இடத்தில் ஊற்றினார். விடியக் குத்தினார். வெண்ணெய்க்குள் போன மாதிரிப் போனது. முப்பத்தெட்டு.

"குடிக்கிற தண்ணிய மண்ணுக்கு ஊத்திறீங்களே, ஏங்க?" என்று கேட்டார் மனைவி அமராவதி.

"கவருமெண்டு வேலை. சாமான ஒடைக்காமக் குடுக்கணும்."

"கவருமெண்டு அறியுமா, நம்ம தண்ணி போறது?"

அழகமுத்து அன்று பின்னேரமும் அரை வாளி ஊற்றினார். அப்படி இருபத்தொரு நாள்.

திட்டத்தில் இருந்த மற்ற ஆறு ஊர்களிலும் குத்தினவர்களுக்குக் கிணறு வெட்டுகிற பழக்கம் இல்லை. அவர்களுக்கு நாலும் ஐந்தும் விழுந்தன. இரண்டு பேர் முள்ளை முறித்தார்கள். இரண்டு பேரையும் வேலையால் நிற்பாட்டினார்கள். அவர்கள் கொண்டுவந்த இலக்கங்களைத் 'தரைப் பிழைகள்' என்று ஒரு பைலில் போட்டு மூடினார்கள்.

புரட்டாதி பிறக்க, கிளிநொச்சியில் 'முதற்கட்டப் பெறுபேறு வெளிப்படுத்தல் விழா' நடந்தது. குத்துவிளக்கு ஏற்ற மட்டும் இருபத்தைந்து நிமிடம் போனது. ஐந்து திரி, பதினொரு அதிதி. வரவேற்பு நடனத்தில் பிள்ளைகள் நீலச் சேலையை அலை மாதிரி ஆட்டினார்கள். பிறகு பணிப்பாளர் கலாநிதி ஜனார்த்தனன் எழும்பினார். பின்னால் திரையில் வன்னிப் படம் விழுந்தது. முழுக்கச் சிவப்பு, நடுவில் ஒரே ஒரு நீலக் கட்டம்.

"பெருமதிப்புக்குரியவர்களே," என்றார். "சிலர் எங்களிடம் கேட்கிறார்கள், நீங்கள் மக்களுக்கு ஒரு வாளி தண்ணீராவது கொடுத்தீர்களா என்று. நான் தாழ்மையுடன் சொல்கிறேன், நாங்கள் கொடுக்கவில்லை. தண்ணீர் கொடுப்பது சாதாரண விடயம். யாரும் கொடுக்கலாம். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அறிவது விஞ்ஞானம். செய்மதி சொன்னதைத் தரை உறுதிப்படுத்த வேண்டும். ஆறு கிராமங்களில் தரை அதைச் செய்யத் தவறிவிட்டது. கருநாவல்மோட்டைத் தரை மட்டுமே செய்மதியோடு முழுமையாக உடன்பட்டது. அந்தத் தரைக்கு நாம் நன்றியுடையவர்கள்."

கைதட்டல். தரை வர முடியாதபடியால் தரைக்குப் பதிலாக அழகமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். சட்டம் போட்ட சான்றிதழும் தந்தார்கள். படத்தில் அந்த நீலம் தன்னுடைய ஊர் என்று அவருக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. இனிமேல் கதைக்கப்போவது அவமானம் என்றபடியால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த செவ்வாய் பவுசர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. புனிதம் பவுசர் ஓட்டுகிற திலீபனுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, உங்கட ஊரை லிஸ்ட்டில இருந்து வெட்டிப்போட்டினம். உங்கட ஊர் நீலமாம்."

"என்ன நீலம்?"

"கலர் அக்கா. சிவப்பு ஊருக்குத்தான் தண்ணி. நீல ஊரில நிலத்துக்குக் கீழ தண்ணி நிரம்பிக் கிடக்காம். முள்ளுக்கரண்டி குத்தி நிறுவியிருக்கினமாம்."

புனிதம் போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வெறும் வாளியோடு நின்ற நாற்பது பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அழகமுத்து வேலிக் கரையில் நின்றார். அரை வாளி தண்ணீர். இருபத்தொரு நாள்.

"நான்தான் ஊத்தினனான்," என்றார். "முள்ளு முறியாமல் இருக்கத்தான் ஊத்தினனான்."

புனிதம்தான் பேசினார். "அண்ணை, நீங்கள் எங்களைக் கொல்லவெண்டு ஊத்தேல்லை. அது தெரியும். போய் அவங்களிட்டச் சொல்லுங்கோ. ஒரு மனுசன் போய் நான் பிழை விட்டிட்டன் எண்டு சொன்னால், அதைக் கேக்காமல் விடுவாங்களோ?"

புனிதம் கந்தோர்களுக்கு மீன் விற்றவர். கந்தோர்களிடம் பிழையை ஒப்புக்கொண்டு பார்த்தவர் அல்ல.

வாசலில் கொக்குகள் தண்ணீர் கக்கின. காவலாளி தவறு திருத்தப் படிவம் தந்தான். 'தவறு எங்கே நிகழ்ந்தது? அ: தரையில். ஆ: உதவியாளரில். இ: தரையிலும் உதவியாளரிலும்.' வேறு இடம் படிவத்தில் இல்லை. அழகமுத்து 'ஆ'வுக்குச் சரி போட்டு மூன்று மணித்தியாலம் கதிரையில் இருந்தார். குளிர் மெசின் காற்றில் முழங்கால் கடுத்தது. பிறகு கூப்பிட்டார்கள்.

"சேர், அந்த முப்பத்தெட்டு நிலத்தின்ர ஈரம் இல்லை. நான் ஊத்தின தண்ணி."

ஜனார்த்தனன் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு ஊற்றினீங்கள்?"

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் அரை வாளி."

"எந்தத் தண்ணீர்?"

"பவுசர் தண்ணி சேர். குடிக்க வச்சிருந்தது."

"அதாவது, குடித்து மிஞ்சி நிலத்துக்கும் ஊற்றுகிற அளவுக்கு உங்கள் ஊரில் தண்ணீர் இருந்திருக்கிறது." பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "குறித்துக்கொள்ளுங்கோ."

"அப்பிடியில்லை சேர். கிணறெல்லாம் வத்திப்போச்சு. ஒருக்கால் வந்து எட்டிப் பாருங்கோ."

"கிணற்றை எட்டிப் பார்ப்பது பழைய முறை." குரலில் கோபமே இல்லை, பிள்ளைக்குச் சொல்கிற பதம். "கிணறு ஒரு புள்ளி. நாங்கள் பார்ப்பது பரப்பு. செய்மதிப் படத்தில் ஒரு கட்டம் ஆறு மைலுக்கு ஆறு மைல்."

அழகமுத்து கொஞ்சம் யோசித்தார். "அந்தக் கட்டத்துக்க இரணைமடுக் குளத்தின்ர ஒரு பக்கமும் வருதெல்லோ சேர்?"

"வருகிறது," என்றார் ஜனார்த்தனன் மகிழ்ச்சியோடு. "உங்கள் ஊரும் குளமும் ஒரே கட்டம். எத்தனை ஊருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?"

"குளம் ஐஞ்சு மைல் தள்ளிக் கிடக்கு சேர். அந்த ஈரம் எங்கட கிணத்துக்கு வராது."

"சராசரியில் வந்துவிடும்."

"சற்றலைற் எவ்வளவு ஆழம் பாக்கும்?"

"இரண்டு அங்குலம்."

"எங்கட கிணறு முப்பத்திரண்டு அடி."

"மிகுதியைக் கொம்பியூட்டர் பார்க்கும்." கண்ணாடியைத் திரும்பவும் போட்டார். "அழகமுத்து, உங்களுடைய இலக்கத்தில்தான் முழு ஆய்வும் நிற்கிறது. அதை இரண்டு சர்வதேச மாநாட்டில் காட்டியாகிவிட்டது. இப்போது போய் அது பிழை என்றால், நாங்கள் பிழை என்று வராது. நாடு பிழை என்று வரும். அரை வாளி தண்ணீருக்காக நாட்டின் பெயரைக் கெடுக்கப்போகிறீர்களா?"

அழகமுத்து வெளியே வந்தார். கொக்குகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அலவாங்கு கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. சுதாஜினி பின்னால் வந்தார்.

"அண்ணை, எனக்கும் தெரியும். குளத்துக் கதையை நான் மீற்றிங்கில சொன்னனான். மனப்பாங்கு விருத்திப் பயிற்சிக்கெண்டு என்னை மூண்டு நாள் அனுப்பினவை."

"மனப்பாங்கு விருத்தியாகிட்டுதோ மிஸ்?"

"ஓம். இப்ப சொல்லுறேல்லை."

அதற்குப் பிறகு ஊர் மூன்று மைல் தள்ளியிருந்த குழாய்க்கிணற்றுக்கு நடந்தது, சைக்கிளில் போனது. ஒருநாள் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் கட்டின சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த அமராவதி கிரவல் றோட்டில் சறுக்கி விழுந்தார். தண்ணீர் போனது. வலது மணிக்கட்டும் போனது. ஆசுபத்திரியில் பிளாஸ்ரர் போட்ட தாதி, இதை நனைக்கக் கூடாது என்றார்.

"கவலப்படாதீங்க மிஸ்," என்றார் அமராவதி. "நம்ம ஊர்ல நனையாது."

அழகமுத்து அன்று இரவுச் சோறு தின்னவில்லை. மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிணற்றுக்குள் பாறை வந்தால் வெடி வைப்பார்கள். கந்தோருக்குள் பாறை வந்தால் என்ன வைப்பது?

புனிதம் நாற்பத்துமூன்று வீட்டிலும் கையெழுத்து வாங்கி ஆணையகத்துக்குக் கடிதம் போட்டார். ஆணையகம் உடனே நடவடிக்கை எடுத்தது. 'ஈரக் கிராமங்களில் நுளம்புக் கட்டுப்பாடு' என்று ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு. இரண்டு வாகனத்தில் வந்தார்கள். தேங்கின தண்ணீரில் நுளம்பு முட்டை போடும் என்று வீட்டுக்கு வீடு போய்ப் பரல்களைப் பார்த்தார்கள். எல்லாப் பரலும் கவிழ்த்துக் கிடந்தன. தண்ணீரைத் தேங்க விடாத முன்மாதிரிக் கிராமம் என்று பாராட்டி, எல்லாருக்கும் ஆளுக்கொரு சின்னப் போத்தல் தண்ணீர் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

"நுளம்பு வந்தாலும் பரவாயில்லை," என்றார் புனிதம், போத்தலைத் திறக்காமல் மடியில் செருகிக்கொண்டு. "அது குடிக்கவெண்டாலும் எங்கயோ தண்ணி கிடக்கும்."

அழகமுத்து அரை வாளி ஊற்றுவதை விட்டுவிட்டார். முள் இறங்கவில்லை என்று ஒவ்வொரு நாளும் எழுதி அனுப்பினார். ஆணையகம் அதற்கும் விதி வைத்திருந்தது. இலக்கம் இல்லாத நாளுக்கு முன்னைய இலக்கம் தொடரும். முப்பத்தெட்டு தொடர்ந்துகொண்டே போனது.

புரட்டாதிக் கடைசியில் ஒரு பின்னேரம், மூன்று மணிபோல, பவுசர் வந்தது.

பெண்கள் ஓடினார்கள். பரலை உருட்டிக்கொண்டு, வாளியோடு, குசினிப் பானையோடு. பவுசரின் வயிற்றில் ஒரு மட்டை கட்டியிருந்தது: 'ஆய்வுத் தேவைக்கு மட்டும். மனிதப் பாவனைக்கு அல்ல.' முன்னால் ஸ்கூட்டியில் வந்த சுதாஜினி இறங்கிக் கடிதத்தை நீட்டினார். முகத்தைத் தரவில்லை.

"நாளைக்கு வெளிநாட்டில இருந்து ஒருத்தரும் கொழும்பில இருந்து மூண்டு பேரும் வருகினம் அண்ணை. அவைக்கு முன்னால சேரே முள்ளைக் குத்தப் போறார். நிலத்தை ஆயத்தப்படுத்தச் சொல்லி ஆறாயிரம் லீற்றர் அனுப்பியிருக்கு. முள்ளுக் குத்துற காணியில ஊத்திவிடட்டாம்."

உருட்டி வந்த பரல்களை ஊர் நிமிர்த்தி வைத்தது.

"மிஸ்," என்றார் புனிதம். அவர் மெதுவாகக் கதைத்ததை ஊர் அன்றுதான் முதல்முதலாகக் கேட்டது. "மண் குடிக்கும். நாங்கள் வாளியோட நிண்டு பாப்பம். அப்பிடியோ?"

சுதாஜினி கடிதத்தை அழகமுத்துவின் பக்கம் திருப்பினார்.

அழகமுத்து கடிதத்தை வாங்கினார். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசித்தார். எல்லாரும் பொறுத்திருந்தார்கள். 'மேற்படி ஆறாயிரம் லீற்றர் நீரைக் கருநாவல்மோட்டைத் தரைக்கு வழங்கி, பெற்றுக்கொண்டமைக்கு உதவியாளரின் கையொப்பம் பெறுக' என்றிருந்தது. கையெழுத்தை வைத்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பவுசருக்குப் பின்னால் போய் ஹோஸ் குழாயை இழுத்து, முதல் நின்ற பரலுக்குள் வைத்தார்.

"திறவுங்கோ தம்பி."

திலீபன் சுதாஜினியைப் பார்த்தான். சுதாஜினி பவுசர் நிற்பதை மட்டும் இரண்டு படம் எடுத்தார். பிறகு முந்திரிகை மரத்துக்குக் கீழே போய், மற்றப் பக்கம் திரும்பி நின்று, யாரும் எடுக்காத போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலத்தில் பவுசர் முடிந்தது. கடைசி ஒன்றரை வாளியை அழகமுத்து முள்ளுக் குத்துகிற இடத்தில் ஊற்றினார். வேலை என்றால் வேலை. எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

விடிய நாலு வாகனம் வந்தது. ஜனார்த்தனன் சப்பாத்துக்கு மேலே பிளாஸ்ரிக் உறை போட்டுக்கொண்டு முள்ளுக்கரண்டியைக் குத்தினார். இறங்கியது. நாற்பத்தொன்று. கைதட்டினார்கள். வெள்ளைக்காரர் மட்டும் தட்டவில்லை. ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குத்தான் மண் நனைந்திருந்தது. அவர் குனிந்து அதற்கு வெளியே இருந்த மண்ணைக் காலால் தட்டினார். புழுதி பறந்தது. ஏதோ கேட்டார்.

ஜனார்த்தனன் அழகமுத்துவிடம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "நேற்று ஆறாயிரம் லீற்றர் வந்ததாம். எங்கே அது?"

பெண்கள் வேலிக்கு மற்றப் பக்கம் நின்றார்கள். அமராவதி பிளாஸ்ரர் கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார். அழகமுத்து உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். ஏற்கெனவே ஒருதரம் உண்மையைச் சொல்லி, அது நாட்டுக்குக் கெடுதி என்று கேட்டு வந்தவர் அவர். வேலிக்கு அந்தப் பக்கம் புனிதம் தலையை இடம் வலமாக ஒரே ஒரு தரம் ஆட்டினார்.

"தரை குடிச்சிட்டுது சேர்," என்றார் அழகமுத்து.

"எவ்வளவு நேரத்தில்?"

"முக்கால் மணித்தியாலம்."

ஜனார்த்தனனின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. வெள்ளைக்காரரிடம் இங்கிலிசில் நெடுநேரம் பேசினார். பிறகு ஊரும் கேட்கட்டும் என்று தமிழிலும் பேசினார்.

"முக்கால் மணித்தியாலத்தில் ஆறாயிரம் லீற்றர். மேலே புழுதி, எல்லாம் அடியில். இது வரட்சி இல்லை, இது மீள்நிரம்பல். இந்த மண்ணைப் போல வேகமாகக் குடிக்கிற மண்ணை நான் எந்தக் கட்டுரையிலும் வாசித்ததில்லை. நேற்று வரைக்கும் சிலர் எனக்குச் சொன்னார்கள், இந்த ஊருக்குத் தாகம் என்று. தாகம் மக்களுக்கு இல்லை, பெரியோர்களே. தாகம் தரைக்கு. நாங்கள் தரையின் பக்கம் நிற்கிறோம்."

மாரி தொடங்கும் வரைக்கும் கருநாவல்மோட்டைத் தரைக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஆறாயிரம் லீற்றர் கொடுத்து, அது எவ்வளவு நேரத்தில் குடிக்கிறது என்று அளக்கும்படி அந்த இடத்திலேயே முடிவானது. ஒரு நிபந்தனை. ஆய்வுத் தண்ணீரை மனிதர் குடித்தால் முடிவுகள் பிழைக்கும். ஆகவே அது தண்டனைக்குரியது.

அடுத்த செவ்வாய் பவுசர் வந்தது. ஊர் வீட்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, களவாகத் தண்ணீர் குடித்தது. அமராவதி இடக் கையால் செம்பைத் தூக்கி, ஒரு சொட்டும் பிளாஸ்ரரில் படாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்துவிட்டு வாயைத் துடைத்து, துடைத்த இடம் காயும் வரைக்கும் வெளியே வரவில்லை. கள்ளுக் குடித்தவர்கள் கூட அந்த ஊரில் அப்படி ஒளித்ததில்லை.

சுதாஜினி பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நீட்டினார். புதிதாக அச்சடித்தது. நேரம், அளவு, பெறுநர் பெயர். அழகமுத்து ஸ்கூட்டி இருக்கையில் வைத்து எழுதினார். நாற்பது நிமிடம். ஆறாயிரம் லீற்றர். பெயர் எழுதுகிற இடத்தில் பேனையை அழுத்திப் பிடித்து, ஆறுதலாக, 'தரை' என்று எழுதினார்.

"அண்ணை, அதில உங்கட பேரை எழுதுங்கோ."

"என்ர பேருக்குத் தண்ணி தரமாட்டினம் மிஸ்," என்று சொல்லி அழகமுத்து பேனையை மூடிக் கொடுத்தார்.